சத்தியமும் 183 புதிர்களும்

பயிற்சி நூல்களோடு வளரும் தலைமுறை நாம். தேர்வு நெருங்கினால் முதலில் கையில் எடுப்பது பழைய வினாத்தாள்களின் தொகுப்பைத்தான். எந்தப் புத்தகம் நம் நிலைக்குப் பொருந்தும், எது நேரத்தை விழுங்கிவிடும் என்ற குழப்பம் நம்மில் பலருக்கு உண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் வாழ்ந்த ஒருவர் அப்படி ஒரு பயிற்சி நூலைத் தொகுத்தார். அதில் கணிதமோ இலக்கணமோ இல்லை. அத்தனையும் ஒரு பலகை ஆட்டத்தின் புதிர்கள். அவற்றுள் ஒரு புதிரை இந்த நூற்றாண்டின் கணினிகளும் ஆராய வேண்டியிருந்தது.

அவர் பெயர் இனோவே டோசெட்சு இன்செகி. பிறந்தது 1646, மறைந்தது 1719. 'கோ' ஆட்டத்தைக் கற்பவர்கள் இன்றும் மரியாதையோடு உச்சரிக்கும் பெயர். அந்த மரியாதைக்குப் பின்னால் ஒரு மீறப்பட்ட சத்தியமும் இருக்கிறது.

அரசன் இல்லாத ஆட்டம்

தமிழில் 'கோ' என்றால் அரசன். ஆனால் இந்தக் கோ ஆட்டத்தில் அரசனே கிடையாது. சதுரங்கத்தில் இருப்பதுபோல் ராணி, யானை, குதிரை என்ற தரவரிசையும் இல்லை. எல்லாக் காய்களும் சமம். சீனர்கள் இதை வெய்ச்சி என்கிறார்கள். கொரியர்கள் பாதுக் என்கிறார்கள். சிங்கப்பூரில் சில பள்ளிகளில் இது இணைப்பாட நடவடிக்கையாகவும் இருப்பதால், சீன நண்பர்கள் கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து விளையாடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

பலகையில் 19 நேர்க்கோடுகளும் 19 குறுக்குக்கோடுகளும் இருக்கும். அவை சந்திக்கும் 361 புள்ளிகளில் ஒருவர் கருங்காயையும் மற்றவர் வெண்காயையும் மாறி மாறி வைக்க வேண்டும். வைத்த காயை நகர்த்த முடியாது. ஒரு காய்க்கூட்டத்தை ஒட்டியுள்ள காலிப் புள்ளிகள்தாம் அதன் மூச்சு. எதிராளி அவை அனைத்தையும் அடைத்துவிட்டால் அந்தக் கூட்டம் பலகையிலிருந்து அகற்றப்படும். இறுதியில் அதிக இடத்தை வளைத்தவருக்கே வெற்றி.

ஒரு கூட்டம் நிரந்தரமாக உயிர்வாழ அதற்குள் இரண்டு தனித்தனிக் காலியிடங்கள் வேண்டும். இவற்றைக் 'கண்' என்பார்கள். இரண்டு கண்களையும் எதிராளியால் ஒரே நேரத்தில் அடைக்க முடியாது. ஒற்றைக் கண் உள்ள கூட்டமோ முழுவதும் சூழப்பட்டால் தப்பாது.

எளிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். சூழப்பட்ட ஒரு கூட்டத்தின் உள்ளே மூன்று காலிப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. அதற்கு உரியவர் நடுப்புள்ளியில் காய் வைத்தால் இரண்டு கண்கள் கிடைக்கும், கூட்டம் பிழைக்கும். எதிராளி முந்திக்கொண்டு அதே நடுப்புள்ளியில் வைத்தால் கூட்டம் சாகும். தமிழில் உயிர்நிலை என்று ஒரு சொல் இருக்கிறதே, அந்த நடுப்புள்ளிக்கு அது அப்படியே பொருந்தும். உள்ளே நான்கு புள்ளிகள் வரிசையாக இருந்தால் கவலையில்லை, கூட்டம் ஏற்கெனவே பிழைத்துவிட்டது. அதே நான்கு புள்ளிகள் சதுரமாக அமைந்திருந்தால், உரியவரே முதலில் வைத்தாலும் காப்பாற்ற முடியாது.

இப்படி ஒரு நிலையைக் கொடுத்து, பிழைக்க வை அல்லது கொன்று காட்டு என்று கேட்பவைதாம் உயிர்-சாவுப் புதிர்கள். ஜப்பானிய மொழியில் இவற்றுக்குச் சுமேகோ என்று பெயர். டோசெட்சுவின் புகழ் இந்தப் புதிர்களில்தான் நிற்கிறது.

நான்கு இல்லங்கள்

அவர் வாழ்ந்தது டோக்குகாவா ஷோகன்கள் எடோ நகரிலிருந்து ஆட்சி செய்த காலம். இன்றைய தோக்கியோதான் அன்றைய எடோ. கோ ஆட்டத்துக்கு அன்று அரசின் ஆதரவு இருந்தது. ஹோனின்போ, இனோவே, யாசுய், ஹயாஷி என்ற நான்கு இல்லங்கள் அரசிடமிருந்து மானியம் பெற்றன. ஒவ்வோர் இல்லமும் குருகுலம் போன்றது. திறமையுள்ள சிறுவர்கள் அங்கேயே தங்கிப் பயின்றார்கள். தலைவருக்குப் பின் சிறந்த மாணவரே பெரும்பாலும் வாரிசு ஆனார். ஆண்டுதோறும் எடோ கோட்டையில் நடந்த அதிகாரபூர்வ ஆட்டங்களில் இல்லங்கள் மோதிக்கொண்டன.

ஆட்டக்காரர்களில் ஈடு இணையற்றவர் மெய்ஜின் எனப்பட்டார். அதற்கும் மேலாக, கோடோகோரோ என்ற அரசுப் பதவி ஒன்று இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அதில் அமர முடியும். யாருக்கு எந்தத் தரம், யாருக்குச் சான்றிதழ் என்பதில் அவர் சொல்லே முடிவு. இதனால் அந்தப் பதவிக்காக நான்கு இல்லங்களும் தலைமுறை தலைமுறையாகப் போட்டியிட்டன.

ஆசானைவிட ஓராண்டே இளையவர்

டோசெட்சுவின் ஆசான் ஹோனின்போ டோசாகு. 1645ஆம் ஆண்டு பிறந்த அவருக்கும் மாணவருக்கும் ஒரே ஒரு வயதுதான் வித்தியாசம். கோ வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக டோசாகு கருதப்படுகிறார். இன்றும் புழங்கும் தான் என்ற தரவரிசை முறைக்கு வடிவம் கொடுத்தவரும் அவரே. அவருடைய தம்பி டோசா, இனோவே இல்லத்தின் தலைவராக இருந்தார். டோசெட்சு அந்த இல்லத்துக்கு வாரிசாகி, டோசாவுக்குப் பின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இன்செகி என்பது அவ்வில்லத்தின் தலைவர்கள் வழிவழியாகச் சூடிய பெயர்.

டோசாகுவிடம் ஒளிமிக்க மாணவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுள் ஒகாவா டோதெகி இளம்பருவத்திலேயே ஆசானை நெருங்கும் திறன் பெற்றதாகப் போற்றப்பட்டவர். டோசாகு அவரைத் தம் வாரிசாக அறிவித்தார். ஆனால் டோதெகி 1690ல், இருபதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். அடுத்து வாரிசாக்கப்பட்ட சாகுகெனும் 1699ல் மறைந்தார். பெற்ற பிள்ளைகளைப்போல் வளர்த்தவர்களை ஒவ்வொருவராக இழந்து நின்ற ஆசானுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய அவர் வயதே ஆன டோசெட்சு எஞ்சியிருந்தார்.

படுக்கையில் வாங்கிய சத்தியம்

1702ல் டோசாகு மரணப் படுக்கையில் விழுந்தார். ஹோனின்போ இல்லத்துக்கு வாரிசாக அவர் தேர்ந்தெடுத்தது டோச்சி என்ற சிறுவனை. 1690ல் பிறந்த டோச்சிக்கு அப்போது வயது பன்னிரண்டுதான். ஆட்டத்தில் அபாரத் திறமை இருந்தாலும், ஓர் இல்லத்தைக் கட்டிக்காக்கும் வயதில்லை.

ஆகவே டோசாகு, 56 வயது டோசெட்சுவை அழைத்தார். அவரை எட்டாம் தானுக்கு உயர்த்தினார். அன்றைய நிலையில் அதற்கு மேல் இருந்தது மெய்ஜினுக்குரிய ஒன்பதாம் தான் மட்டுமே. கூடவே இரண்டு பொறுப்புகளையும் வைத்தார். டோச்சிக்குக் காப்பாளராக இருந்து அவனை வளர்க்க வேண்டும் என்பது முதலாவது. கோடோகோரோ பதவிக்கு ஆசைப்படக்கூடாது என்பது இரண்டாவது. டோசெட்சு சத்தியம் செய்து கொடுத்தார்.

இந்த நிபந்தனையின் பொருளைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். டோசெட்சு வேறோர் இல்லத்தின் தலைவர். டோசாகு மறைந்துவிட்டால் நாட்டிலேயே வலிமையான ஆட்டக்காரர் அவர்தான். அவர் கோடோகோரோ ஆகிவிட்டால், ஹோனின்போ இல்லம் இனோவே இல்லத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்க நேரும். அதற்கு அணை போடவே டோசாகு சத்தியம் வாங்கினார். இல்லத்தின் நலன் நோக்கில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் தகுதியுள்ள ஒருவரிடம், உன் தகுதிக்குரியதை நீ கேட்காதே என்று சொன்ன ஏற்பாடும் இதுவே.

டோச்சியை ஆளாக்கியவர்

முதல் வாக்கை டோசெட்சு குறையின்றிக் காப்பாற்றினார். ஹோனின்போ இல்லத்துக்கே சென்று தங்கி டோச்சிக்குப் பயிற்சி அளித்தார். 1705 வாக்கில் அவனோடு பத்து ஆட்டத் தொடர்களையும் ஆடினார். ஆசிரியர் தன் மாணவரோடு இத்தனை ஆட்டங்களைத் தீவிரமாக ஆடுவது அன்று சாதாரணச் செய்தியல்ல.

அதே ஆண்டு ஒரு சர்ச்சை எழுந்தது. கோட்டை ஆட்டத்தில் யாசுய் இல்லத்தின் தலைவர் செங்காகுவுடன் டோச்சி மோதவேண்டியிருந்தது. டோச்சி இப்போது செங்காகுவுக்குச் சமமான தரத்தில் ஆடத் தகுதி பெற்றுவிட்டான் என்று டோசெட்சு வாதிட்டார். செங்காகு மறுத்தார். பதினைந்து வயதுப் பையன் தனக்குச் சமமா என்ற கோபம் அவருக்கு. பலகையில் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. அந்த ஆண்டுக் கோட்டை ஆட்டத்தை டோச்சி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றான். தொடர்ந்த ஆட்டங்களிலும் தோற்ற செங்காகு தம் எதிர்ப்பைக் கைவிட்டார்.

அந்த ஒரு புள்ளி டோச்சியின் கணக்கில் சேர்ந்தது. ஆனால் அவனுக்காக வாதாடியது, சக தலைவர்களின் பகையைத் தேடிக்கொண்டது எல்லாம் டோசெட்சு. காப்பாளர் என்ற சொல்லுக்கு அவர் முழுப் பொருள் கொடுத்தார்.

இரண்டாவது வாக்கு

1708ல் டோசெட்சு மெய்ஜின் ஆனார். அப்போது அவருக்கு வயது 62. டோசாகு இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1710ல் ரியூக்யூ நாட்டுத் தூதுக்குழு எடோவுக்கு வந்தது. இன்றைய ஒக்கினாவாத் தீவுகள்தாம் அன்றைய ரியூக்யூ. குழுவில் ஒரு கோ ஆட்டக்காரரும் இருந்தார். அவர் டோச்சியுடன் ஆடித் தோற்றார். பின்னர், தம் தரத்துக்குரிய சான்றிதழை ஜப்பானிலிருந்து பெற்றுச் செல்ல விரும்பினார். வெளிநாட்டவருக்கு அத்தகைய சான்றிதழை வழங்கக் கோடோகோரோ வேண்டும். பதவியோ காலியாக இருந்தது. அந்தத் தேவையைக் காரணமாகக் கொண்டு டோசெட்சு கோடோகோரோ ஆனார். சான்றிதழ் கொடுக்கப்பட்டது, தூதுக்குழு திரும்பிச் சென்றது. டோசெட்சு மட்டும் பதவியிலிருந்து இறங்கவில்லை. 1719ல் இறக்கும்வரை அதில் நீடித்தார்.

இதனால் அவரைச் சத்தியம் தவறியவர் என்று சொல்பவர்கள் உண்டு. ஆசானின் இறுதி விருப்பத்தை, ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததும் ஒதுக்கிவிட்டார் என்பது அவர்கள் கருத்து. இன்னொரு பக்கமும் இருக்கிறது. டோச்சியை அவர் கைவிடவில்லை. அவன் வளர்ச்சியைத் தடுக்கவும் இல்லை. டோசெட்சு மறைந்த இரண்டு ஆண்டுகளில், 1721ல், டோச்சியே கோடோகோரோ பதவியில் அமர்ந்தார். பதவி இறுதியில் டோசாகு விரும்பிய இல்லத்துக்கே திரும்பியது.

எனக்குத் தோன்றுவது இதுதான்: டோசெட்சு சொன்ன சொல் தவறினார், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் மற்றவர் கனவுக்காகத் தன் தகுதியை முழுவதும் புதைத்துவிடச் சொல்லும் வாக்குறுதியைக் கேட்பதும் நியாயமில்லை. நல்லவரா கெட்டவரா என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாதபடி அவர் வாழ்ந்திருக்கிறார்.

1713: ஒளியை வெளிக்கொணரும் நூல்

பதவியேற்று மூன்று ஆண்டுகள் கழித்து, 67 வயதில், டோசெட்சு ஒரு புதிர்த் தொகுப்பை உருவாக்கினார். அதன் பெயர் 'இகோ ஹட்சுயோரோன்'. மறைந்திருக்கும் ஒளியை வெளிக்கொணர்தல் என்ற கருத்து அந்தப் பெயரில் இருக்கிறது. இன்று கிடைக்கும் வடிவில் அதில் 183 புதிர்கள் உள்ளன. பிழைக்க வைப்பவை, கொல்பவை, இரண்டு கூட்டங்களில் எது முதலில் மூச்சிழக்கும் என்ற பந்தயங்கள் எனப் பலவகை.

பெயரில் ஒளி இருந்தாலும் நூல் நெடுங்காலம் இருட்டில்தான் இருந்தது. இனோவே இல்லம் அதைத் தன் இரகசியச் சொத்தாகப் பாதுகாத்தது. தேர்ந்த மாணவர்கள் மட்டுமே பார்க்க முடிந்தது. போட்டி இல்லங்கள் சூழ்ந்திருந்த காலத்தில் அறிவைப் பூட்டிவைப்பது இயல்பாகத் தோன்றியிருக்கும். ஆனால் மூலப் பிரதி நெருப்பில் அழிந்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. நமக்கு எஞ்சியவை கையால் படியெடுத்த பிரதிகள்தாம். பூட்டிவைத்தது போய்விட்டது, யாரோ படியெடுத்தது பிழைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூல் அச்சேறி எல்லார் கைக்கும் வந்தது.

இந்த நூலின் 120ஆம் புதிர் தனிப் புகழ் பெற்றது. பலகையின் ஒரு மூலையில் அடங்கும் சிக்கலன்று அது. முழுப் பலகையையும் தழுவியது. விடை நூற்றுக்கும் மேற்பட்ட நகர்வுகள் நீள்கிறது. அத்தனைக்கும் பிறகு வெற்றி தோல்வி ஓரிரு புள்ளிகளில் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபுஜிசாவா ஷூக்கோ என்ற புகழ்பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர் தம் குழுவினருடன் இதை நீண்ட காலம் ஆராய்ந்து விடை வெளியிட்டார். பிறகு ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்வலர்கள் சிலர், வல்லுநர்கள் கவனிக்காமல் விட்ட ஒரு நகர்வைச் சுட்டிக்காட்டினார்கள். 2019ல் 'கத்தாகோ' என்ற செயற்கை நுண்ணறிவு நிரலுக்கு இந்த ஒரு புதிரிலேயே தனிப்பயிற்சி கொடுத்து ஆராய்ந்தபோது மேலும் புதிய பாதைகள் தெரிந்தன. கணினியோ மின்சாரமோ இல்லாத காலத்தில், ஒரு பலகையையும் இரு கிண்ணக் காய்களையும் வைத்துக்கொண்டு ஒரு முதியவர் அமைத்த சிக்கல் இது.

நாம் எந்த நூலை எடுப்பது?

இத்தனை புகழ் பெற்ற நூலாயிற்றே, அதிலேயே தொடங்கலாமா என்று கேட்டால், கூடவே கூடாது. தேர்ந்த மாணவர்களுக்கென்றே டோசெட்சுவின் இல்லம் அதை ஒதுக்கிவைத்திருந்தது. இரகசியம் ஒரு காரணம் என்றால், கடினம் இன்னொரு காரணம். தொழில்முறை ஆட்டக்காரர்களே திணறும் புதிர்களைத் தொடக்கநிலையில் எடுத்தால், விடைப் பக்கத்தைப் புரட்டும் பழக்கம் மட்டுமே மிஞ்சும்.

புதிர் நூல்களின் வேலை, காய் வைக்காமல் மனத்துக்குள் பல நகர்வுகளை முன்கூட்டிப் பார்க்கும் திறனை வளர்ப்பது. ஆட்டக்காரர்கள் இதைப் பலகையை வாசித்தல் என்பார்கள். ஆகவே நூலைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து சில புதிர்களைப் பாருங்கள். பெரும்பாலானவற்றை ஓரிரு நிமிடங்களில் மனத்துக்குள்ளேயே தீர்க்க முடிந்தால் அது உங்களுக்கான நூல். எல்லாமே பார்த்தவுடன் விளங்கினால், வேகப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு அடுத்த படிக்குச் செல்லலாம். எதுவுமே பிடிபடவில்லை என்றால் மூடிவைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அது காத்திருக்கும்.

விடைப் பகுதியையும் பார்க்க வேண்டும். சரியான நகர்வை மட்டும் காட்டும் நூலைவிட, தவறான நகர்வு ஏன் தோற்கிறது என்பதையும் காட்டும் நூல் தொடக்கநிலையினருக்கு நல்லது. உயிர்-சாவுப் புதிர்களோடு, தெசுஜி எனப்படும் நுட்பமான தாக்குதல், தற்காப்பு நகர்வுகளும் கலந்திருந்தால் இன்னும் நல்லது. உண்மையான ஆட்டத்தில், இங்கே ஒரு புதிர் இருக்கிறது என்று யாரும் நமக்குச் சொல்லப்போவதில்லையே!

தொடக்கநிலையினருக்குக் கனோ யோஷினோரி தொகுத்த, நான்கு தொகுதிகளாலான படிநிலைப் புதிர் நூல் ஆங்கிலத்திலேயே கிடைக்கிறது. முதல் தொகுதி காயைப் பிடிப்பதிலிருந்து தொடங்கும். அடுத்த நிலைக்கு, புதிர் அமைப்பதில் பெயர்பெற்ற மயேடா நோபுவாக்கியின் தொகுப்புகள் பொருந்தும். 1907ல் பிறந்து 1975ல் மறைந்த அவர், தம் புதிர்களைத் தொடக்கம், நடுநிலை, உயர்நிலை என்று பிரித்துத் தந்தார். அதற்கும் மேலே செல்பவர்களுக்குப் பழைய செவ்வியல் நூல்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, பின்னாளில் ஹயாஷி இல்லத்துக்குத் தலைவரான கென்பி 1812ல் வெளியிட்ட 520 புதிர்களின் தொகுப்பு. டோசெட்சுவின் நூல் உருவாகி 99 ஆண்டுகள் கழித்து வந்த அது, இரகசியமாக வைக்கப்படாமல் பொதுமக்களுக்காகவே அச்சிடப்பட்டது. இவையெல்லாம் கடந்தபின் 'ஹட்சுயோரோன்' வரட்டும்.

எந்த நூலாக இருந்தாலும் ஒருமுறை முடித்ததோடு அலமாரியில் ஏற்றிவிடாதீர்கள். இரண்டாம் முறை, மூன்றாம் முறை செய்யும்போதுதான் வடிவங்கள் கண்ணில் பதிகின்றன. முன்பு ஐந்து நிமிடம் எடுத்த புதிர் ஐந்து நொடியில் தீர்ந்தால், அது மனப்பாடம் அன்று. பழகிய முகத்தைக் கூட்டத்தில் அடையாளம் காண்பது போன்றது.

டோசெட்சு பல ஆண்டுகள் காத்திருந்து, சொன்ன சொல்லையும் விலையாகக் கொடுத்துப் பெற்ற கோடோகோரோ பதவி, ஷோகன்களின் ஆட்சியோடு மறைந்துவிட்டது. இனோவே இல்லம் காத்த இரகசியமும் இன்று இரகசியமாக இல்லை. அவர் அமைத்த 183 புதிர்கள் மட்டும் இன்னும் யாரோ ஒரு மாணவரின் மேசையில் திறந்து கிடக்கின்றன. அடுத்த நகர்வு எங்கே என்று அவை கேட்டுக்கொண்டே இருக்கின்றன.